காத்திருந்து கண்டவர் மா. கிருஷ்ணன்

தமிழ்நாட்டில் காட்டுயிர்களைப் பற்றி எழுதியும், அவற்றை நிழற்படமாக எடுத்தும் வாழ்நாள் முழுவதையும் கழித்த ஒரு பெரியவரைப் பற்றி இவ்விதழில் எழுதவேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். சென்ற மாதம் என் பேரன் ஒரு புதிய நிழற்படக் கருவியுடன் வேடந்தாங்கலுக்குப் புறப்பட்டபோது, அந்த எண்ணம் மீண்டும் தலைதூக்கியது. அவனுக்குச் சொன்னவற்றையே இங்கு எழுதுகிறேன்.

மா. கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தையார் அ. மாதவையா. பத்மாவதி சரித்திரம் என்னும் நாவலை எழுதிய மாதவையா என்றால் தமிழ் படித்தவர்கள் எல்லாரும் அறிவர். பெருங்குளத்தைப் பூர்வீகமாகக் கொண்ட அக்குடும்பம் பின்னர்ச் சென்னை மயிலாப்பூரில் குடியேறியது. எட்டு மக்களுள் கிருஷ்ணனே கடைக்குட்டி. அன்றைய மயிலாப்பூர் இன்றுள்ளதுபோல் வீடுகள் நெருங்கிய இடம் அன்று. வீட்டைச் சுற்றிப் புதர்க்காடும், அதில் பறவைகளும் நரிகளும் இருந்தன. சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தான். பிற்காலத்தில் அவர் எழுதியவற்றுள் அணிலும் காகமும் பல்லியும் இத்துணை இடம் பெறுவதற்கு அந்த வீட்டுக் கொல்லையே காரணம் என்று நான் கருதுகிறேன். இயற்கையைக் காணக் காட்டுக்குத்தான் போகவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு என்றுமே இருந்ததில்லை.

1925இல் மாதவையா காலமானார். சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசிவிட்டு அமர்ந்த நிலையில் அவர் உயிர் பிரிந்தது. மகனுக்கு அப்போது வயது 13. குடும்பப் பொறுப்பை மூத்தவர்கள் ஏற்றுக்கொண்டனர். இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்ற கிருஷ்ணன், 1927இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1931இல் பட்டம் பெற்றார். அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்த ஃபைசன் என்னும் ஆங்கிலேயரின் நட்பு அவருக்குக் கிடைத்தது. நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் பேராசிரியர் செடிகொடிகளைத் தேடிச் செல்லும்போது இளைஞரும் உடன் செல்வார். ஃபைசனின் துணைவியார் சித்திரம் தீட்ட வல்லவர். அவரிடமிருந்து வண்ணம் தீட்டும் முறையையும் கிருஷ்ணன் கற்றுக்கொண்டார். ஓர் இலையின் விளிம்பு எப்படி வளைகிறது என்று எழுதுகோலால் வரைந்து பார்த்தவன், அந்த இலையை மறக்கமாட்டான். முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவள் என்ற முறையில் இதை நான் உறுதியாகச் சொல்வேன். கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்பே, காண்பதற்கான பயிற்சி அவருக்கு இவ்வாறு வாய்த்துவிட்டது.

ஆயினும் தேர்வில் அவர் பெற்ற மதிப்பெண்கள் சிறப்பாக இல்லை. மேற்படிப்பும் படித்தார், 1936இல் சட்டப் பட்டமும் பெற்றார். வேலை மட்டும் கிடைக்கவில்லை. 1937இல் இந்துமதி அம்மையாரை மணந்தார். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது, பத்திரிகைகளுக்குச் சித்திரம் வரைவது எனச் சிறுசிறு பணிகளால் நாள்கள் நகர்ந்தன. 1942இல் பெல்லாரிக்கு அருகிலுள்ள சந்தூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. அங்கே பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, அரசரின் அரசியல் செயலர் என அவர் பார்த்த பணிகள் பல. ஓய்வு நேரமெல்லாம் குன்றுகளிலும் புதர்க்காடுகளிலும் கழிந்தது. ஆடு மேய்த்தார், புறா வளர்த்தார். ஆடு மேய்ப்பவன் நாள் முழுதும் வெயிலில் நின்று, மந்தையின் போக்குக்கு ஏற்பத் தன் போக்கை மாற்றிக்கொள்பவன். பின்னாளில் யானைக் கூட்டத்தின் அருகே மணிக்கணக்கில் நிற்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி எந்தக் கல்லூரியில் கிடைத்திருக்கும்?

நாடு விடுதலை பெற்று, சமஸ்தானம் 1949இல் இந்திய ஒன்றியத்தில் இணைந்தபின் அவர் சென்னைக்குத் திரும்பினார். மறுபடியும் ஓர் அலுவலகத்தில் போய் அமர்ந்திருக்கலாம், சட்டம் படித்தவர். அவர் அதைச் செய்யவில்லை. எழுத்தையும் படத்தையும் மட்டுமே நம்பி வாழத் துணிந்தார். கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ஸ்டேட்ஸ்மன் நாளேட்டில் 1950ஆம் ஆண்டு தொடங்கிய அவருடைய இயற்கைக் குறிப்புத் தொடர், அவர் மறைந்த 1996ஆம் ஆண்டு வரை, நாற்பத்தாறு ஆண்டுகள் வெளிவந்தது. தமிழிலும் அவர் எழுதினார். பெரியசாமித் தூரன் பொறுப்பில் உருவான தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு விலங்குகளையும் பறவைகளையும் பற்றிய கட்டுரைகளை அளித்தார். பாமரர் வழங்கும் பறவைப் பெயர்களை அவர் ஒதுக்கவில்லை. உழவனும் மீனவனும் வைத்த பெயரில் அப்பறவையின் இயல்பு அடங்கியிருக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆள்காட்டி என்ற பெயரைப் பாருங்கள். வரும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் பறவை என்பதைவிட அதைப்பற்றிச் சொல்ல வேறென்ன வேண்டும்?

இனி அவருடைய நிழற்படக் கலைக்கு வருகிறேன். அவர் எடுத்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள். வண்ணச் சுருள் எளிதாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அவர் மாறவில்லை. வெவ்வேறு கருவிகளின் பகுதிகளை ஒன்றுசேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட பெரிய கருவி ஒன்று அவரிடம் இருந்தது. அதன் பளுவைக் கேலி செய்து சூப்பர் பாண்டெரோசா என்று அதற்குப் பெயரிட்டிருந்தார். படங்களை இருட்டறையில் தாமே கழுவி அச்சிட்டார்.

இன்று ஒரு நொடியில் இருபது படம் எடுக்கும் கருவியை வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்நாளைய நிலைமை விளங்காது. சுருள் விலை மிகுந்தது; ஒரு சுருளில் சில படங்களே கிட்டும். எடுத்தது சரியாக விழுந்ததா என்று வீடு திரும்பி இருட்டறைக்குள் போன பிறகே தெரியும். தொலைவிலிருப்பதை அருகே கொண்டுவரும் வில்லைகளின் ஆற்றலும் குறைவு. ஆகவே அருகே செல்ல வேண்டும். அருகே செல்ல வேண்டுமென்றால் அவ்வுயிர் அதற்கு இடந்தர வேண்டும். துரத்திச் சென்றால் கிடைப்பது ஓடும் யானையின் பின்புறமும் பறந்துபோகும் கொக்கின் வாலுமே. முதுமலைக் காட்டில் கிருஷ்ணன் பயிற்றப்பட்ட வளர்ப்பு யானையின் மீதமர்ந்து காட்டு யானைகளைப் படமெடுத்தார். கூட்டத்துக்குப் பழக்கமான உருவம் யானை. அதன் முதுகிலிருக்கும் மனிதனை அவை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. நடந்து செல்லும்போதோ காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்தாக வேண்டும்.

பறவைகளுக்கு மோப்பத்தைவிடக் கண் கூர்மை. அவற்றை அணுகும் முறை வேறு. இதைச் சற்று விரித்துச் சொல்வது இளைஞர்களுக்குப் பயன்படும். முதலில் நெடுநேரம் உட்கார்ந்து பார்க்கவேண்டும். பறவை எந்தக் கிளையில் வந்து அமர்கிறது, எந்த வழியாக இரை தேடப் போகிறது, எப்போது திரும்புகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், அதைத் தேடிப் போகவேண்டியதில்லை. அது வருமிடத்தில் நாம் முன்னதாகவே போய் அடங்கியிருக்கலாம். நகர நேர்ந்தால் பறவையை நோக்கி நேராக நடவாமல், வேறெங்கோ போகிறவர்போலச் சாய்வாக நடக்கவேண்டும். மேய்வதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்க்கிறதா? அப்படியே நிற்கவேண்டும். மறுபடி தலை தாழ்ந்தால் ஓரடி வைக்கலாம். தாழவில்லையென்றால் வந்த வழியே திரும்ப வேண்டும். நம் முனிவர்கள் காலடியில் உள்ள சிற்றுயிர்களுக்கு ஊறு நேராதபடி நிலத்தை நோக்கி நடப்பதைக் கண்டு வளர்ந்த நமக்கு இந்த நடை புதிதன்று. கிருஷ்ணன் இதைச் சமய ஒழுக்கமாகக் கொண்டார் என்று நான் சொல்ல வரவில்லை. காட்டில் உள்ளதை உள்ளபடி காணவேண்டும் என்பதே அவர் நாட்டம். அஞ்சி நிற்கும் விலங்கு உள்ளபடி இருப்பதில்லை அன்றோ?

இக்கலை உலகில் தொடங்கிய காலத்திலேயே இந்தச் சிக்கலும் தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் 1892ஆம் ஆண்டு முட்டைகளோடு கூடிய ஒரு கூட்டைப் படமெடுத்துப் புகழ்பெற்றனர். பின்னர்ப் பறவைகள் அஞ்சாதிருக்கும்பொருட்டு, மாட்டுத் தோலைப் போர்த்திய பொய் எருது ஒன்றைச் செய்து அதற்குள் நின்று படமெடுத்தனர். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், மனிதன் தன் உருவத்தை மறைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் கண்டது உண்மை. நம் நாட்டிலும் சிங்கப்பூர்ச் செல்வர் லோக் வான் தோ, சலீம் அலியுடன் பயணம் செய்து, மறைவிடம் அமைத்துப் பறவைகளைப் படமெடுத்தார். கூடு படமெடுப்போர்க்கு வசதியானது. தாய்ப்பறவை தப்பாமல் அங்கே திரும்பி வரும். அந்த வசதியிலேதான் தீங்கும் இருக்கிறது.

இதை நம் மாவட்டத்து வேடந்தாங்கலைப்போல் விளக்கும் இடம் வேறில்லை. மதுராந்தகத்தை அடுத்த அச்சிற்றூரின் ஏரி, பரப்பில் ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும், நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரையும், வக்காவும், நீர்க்காகமும், அரிவாள் மூக்கனும், கரண்டிவாயனும் வந்து கூடு கட்டுகின்றன. எச்சம் விழுந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது. ஆகவே ஊரார் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்துவந்தனர். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதாகவும், ஊரார் திரண்டு சென்று முறையிட்டதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டர் லயோனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுதிக்கொடுத்தார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. 1936இல் அரசு அதைச் சரணாலயமாக ஏற்றது. எழுதப் படிக்கத் தெரியாத உழவர்கள் ஓர் ஆட்சியாளரிடமிருந்து பறவைகளுக்காகச் சாசனம் பெற்ற செய்தியை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கிருஷ்ணன் வேடந்தாங்கலுக்குப் பலமுறை வந்தவர். இங்குள்ள பறவைகளைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். 1960ஐ ஒட்டி வனத்துறைக்காக ஒரு சிறுநூலும் ஆக்கித் தந்தார். எந்தப் பறவை எந்த மரத்தில் எப்படிக் கூடமைக்கிறது, குஞ்சுகளுக்கு எப்படி உணவூட்டுகிறது என்று ஆண்டுதோறும் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவு அது. ஒருநாள் வந்து நூறு படம் எடுத்துக்கொண்டு போகிறவர்க்கு அது கிட்டாது.

இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1979ஆம் ஆண்டு தை மாதம், நான் பணிபுரிந்த பள்ளியின் மாணவர்களை வேடந்தாங்கலுக்கு அழைத்துச் சென்றேன். ஓர் ஆசிரியர் கருவி கொண்டுவந்திருந்தார். பறவைகளெல்லாம் ஒருசேரப் பறந்தால் படம் அழகாயிருக்கும் என்று தோன்றவே, ஏரிக்கரையில் நின்றபடி பிள்ளைகளைக் கைதட்டி ஆரவாரம் செய்யச் சொன்னேன். சொன்னது நான்தான், வேறு யாருமல்லர். அருகிலிருந்த மரங்களின் பறவைகள் வெண்மேகம்போல் எழுந்தன. படமும் எடுத்தாயிற்று. அப்போது உச்சிவேளை. தாய்ப்பறவைகள் சிறகை விரித்து நிழல் செய்துகொண்டிருந்த கூடுகள் வெயிலில் கிடந்தன. இரண்டு காகங்கள் நேரே ஒரு கூட்டுக்குப் போனதை ஒரு மாணவி எனக்குக் காட்டினாள். ஊர்க்காரர் ஒருவர் வந்து, கடிந்து பேசாமல், நீங்கள் வாத்தியாரம்மா ஆயிற்றே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் படத்தை நான் வாங்கிக்கொள்ளவில்லை.

1972ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், பறவைகளின் முட்டைகளுக்குக் கேடு செய்வதோடு, முட்டைகளையோ கூட்டையோ கலைத்துத் தொல்லை தருவதும் அடங்கும் என்பதைப் பின்னரே அறிந்தேன். அன்று நான் செய்தது கைதட்டல். சட்டத்தின் கண்ணில் அதற்கு வேறு பெயர் இருக்கக்கூடும். கொல்லாமையைப் பாலோடு பருகி வளர்ந்தவள் நான்.

கிருஷ்ணனின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1968இல் ஜவாஹர்லால் நேரு நல்கை கிடைத்தது. அதைக் கொண்டு தென்னிந்தியக் காடுகளின் பெரு விலங்குகளை ஆராய்ந்தார். அதன் பயனான நூலைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975இல் வெளியிட்டது. 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இந்திய வனஉயிர் வாரியத்திலும், 1973இல் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் வழிகாட்டுக் குழுவிலும் பணிபுரிந்தார். காட்டுயிர்களை மட்டும் காத்தால் போதாது, இந்நாட்டுக்கே உரிய மரஞ்செடிகளையும் காக்க வேண்டும் என்று ஓயாமல் வற்புறுத்தினார். அழகுக்காக அயல்நாட்டு மரங்களை நடுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். கொண்ட கருத்தை எளிதில் விட்டுக்கொடுக்காதவர், முகத்துக்கு நேரே பேசுபவர். அதனால் அவருக்குச் சில இழப்புகளும் நேர்ந்திருக்கும். பெரும்பொருள் ஈட்டவில்லை. 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் சென்னையில் காலமானார். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் மழைக்காலமும் குயிலோசையும், பறவைகளும் வேடந்தாங்கலும் என்ற தலைப்புகளில் பின்னர் நூல்களாகத் தொகுக்கப்பட்டன. நம் இளைஞர்கள் கருவி வாங்குமுன் இவ்விரண்டையும் வாங்குவது நன்று, விலையும் குறைவு.

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில், முன்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்யும் பூனை ஒன்று உண்டு. அதன் காலடியில் எலிகள் நம்பிக்கையோடு நிற்கின்றன. சற்று மேலே, ஒற்றைக் காலில் நிற்கும் மெய்யான தவசியும் உண்டு. இருவர் நிலையும் பார்வைக்கு ஒன்றே. அசைவின்மை வேட்டைக்காரனுக்கும் வேண்டும், தவசிக்கும் வேண்டும். பறவையின் முன் அடங்கியிருக்கும் நிழற்படக்காரர் இவ்விருவருள் யார் என்பது, படம் எடுத்தபின் அவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தது. கூட்டை மறைக்கும் கிளையை ஒடிக்கிறாரா, பதிவுசெய்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை ஏமாற்றி வரவழைக்கிறாரா, ஆளில்லா விமானத்தைக் கூட்டின்மேல் பறக்கவிடுகிறாரா, நல்ல படம் கிடைத்த கூட்டின் இடத்தைப் பத்துப் பேருக்குச் சொல்கிறாரா? பின்னதை யாரும் குற்றமாக எண்ணுவதில்லை. பத்துப் பேரும் மறுநாள் வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

கடற்கரையோரக் கழிமுகங்களில் இன்னும் கவனம் வேண்டும். முட்டுக்காடு முதல் ஓதியூர்க் காயல் வரையுள்ள உப்பங்கழிகளை அடுத்த திறந்த வெளிகளில் ஆள்காட்டி போன்றவை வெறுந்தரையிலேயே முட்டையிடும். முட்டையின் நிறமும் மண்ணின் நிறமும் ஒன்றாயிருப்பதால், மிதித்த பிறகே தெரியவரும். தலைக்குமேல் ஆள்காட்டி சுற்றிச் சுற்றிக் கத்தினால், கூடு பக்கத்தில் இருக்கிறது என்பது பொருள். கூட்டைத் தேட வேண்டாம். காலடியைப் பார்த்து, வந்த சுவட்டிலேயே திரும்ப வேண்டும்.

வேடந்தாங்கல் 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பேரன் அங்கே இரண்டு நாள் தங்கித் திரும்பினான். கரைமீது உட்கார்ந்திருந்ததில் முதல்நாள் ஒரு படமும் எடுக்கவில்லையாம். இரண்டாம் நாள் மாலை, இரை தேடச் சென்ற பறவைகள் வரிசை வரிசையாக ஏரிக்குத் திரும்பிய நேரத்தில், கரையை ஒட்டிய மரத்தில் ஒரு நத்தைகுத்தி நாரை வந்து இறங்கிக் குஞ்சுகளுக்கு இரையைக் கக்கிக் கொடுத்ததாம். அந்தப் படத்தைக் காட்டினான். வெளிச்சம் போதாமல் சற்று மங்கலாகத்தான் இருக்கிறது. நாரை எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.